நெற்றியில் எழுதியது: திண்டிவனத்தில் நருட்டோ

போன கோடையில் திண்டிவனம் போயிருந்தபோது, சித்தப்பா மகன் பக்கத்தில் படுத்துக்கொண்டு போனில் நருட்டோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். தமிழ் டப். இயர்போன் ஒரு பக்கம் செத்துப்போயிருந்ததால் சத்தமாகவே ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊஞ்சல் காட்சி வந்தது. பள்ளி முடிந்து எல்லாப் பிள்ளைகளையும் அப்பா அம்மா வந்து கூட்டிப்போகிறார்கள். நருட்டோ மட்டும் மரத்தடி ஊஞ்சலில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பெண்கள் அவனைப் பார்த்துத் தணிந்த குரலில் என்னவோ பேசுகிறார்கள். தம்பி வீடியோவை நிறுத்தினான்.

"அண்ணா, இவன் வூடு எங்க இருக்குது? ஊருக்குள்ளயா, காலனியிலயா?"

நான் நருட்டோவை முழுதாக இரண்டு தடவை பார்த்தவன். முதல் பகுதி 220 எபிசோட், ஷிப்பூடன் 500 எபிசோட். எந்த எபிசோடில் யார் சாகிறார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எங்கள் வீடும் காலனியில்தான் இருக்கிறது. இருந்தும் தோன்றவில்லை. சென்னைக்குப் படிக்க வந்து, சப்டைட்டிலோடு பார்த்து, ஆங்கிலத்தில் வாதாடப் பழகியதில் எங்கேயோ அது கழன்று விழுந்துவிட்டது போல.

அப்போது அவனுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

1

அனிமே நம் பக்கம் எப்படி வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். அது வந்த வழிக்கும் இந்தக் கேள்விக்கும் தொடர்பு இருக்கிறது.

எங்களுக்கு முந்தைய தலைமுறைக்கு காமிக்ஸ் என்றால் புத்தகம். 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. பிரிட்டன், இத்தாலி, பிரெஞ்சு நாட்டு வீரர்கள் சிவகாசி அச்சில் தமிழ் பேசினார்கள். அந்தப் புத்தகம் கைக்கு வரக் காசு வேண்டும், அல்லது வாங்குகிற நண்பன் வேண்டும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிய வேண்டும். விழுப்புரம் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த லயன் காமிக்ஸைக் கண்டெடுத்த கதையை இப்போதும் கண் கலங்கச் சொல்கிற அண்ணன்கள் இருக்கிறார்கள்.

ஜப்பான் எங்களுக்குப் புத்தகமாக வரவில்லை, குரலாக வந்தது. ஹங்காமாவில் ஷின்சான் தமிழ் பேசினான். அவன் கஸுகாபே என்ற ஊர்க்காரன் என்பது யாருக்குத் தெரியும்? அம்மாவை வெறுப்பேற்றுகிற பக்கத்து வீட்டு வாண்டு, அவ்வளவுதான். 2008-ல் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று அரசு அதை நிறுத்தியதும், பிறகு வெட்டுகளோடு அது திரும்பி வந்ததும்கூட எங்களுக்குத் தெரியாது. கேபிள்காரர் ஏதோ செய்துவிட்டார் என்றுதான் நினைத்தோம். பேபிளேட் பம்பரம் கடைக்கு வந்தபோது, சாட்டை இல்லாமல் எப்படிடா சுத்துது என்று ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. அதுவும் ஜப்பானியச் சிறுவர்களின் பழைய பேகோமா பம்பரத்தின் பேரப்பிள்ளை என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

2022-ல் சோனி யேயில் நருட்டோ தமிழில் ஓடியது. 2023-ல் க்ரஞ்சிரோல் தமிழ் டப் போடத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழ் டப்போடு தியேட்டருக்கே வந்தது. இன்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் சிவப்பு மேகம் போட்ட கறுப்பு டிசர்ட் தொங்குகிறது. விழுப்புரத்தில் பைக் டேங்கில் இட்டாச்சி கண் முறைக்கிறது. இந்த இரண்டு ஊர்களையும் சேர்க்கிற நாற்பது கிலோமீட்டர் சாலையில் எந்த டவுன் பஸ்ஸில் ஏறினாலும், கடைசி சீட்டில் யாராவது ஒருவன் ஜுஜுட்சு கைசன் பார்த்துக்கொண்டு வருவான்.

தமிழ் இலக்கிய உலகம் இதை மொழிபெயர்ப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை. ரஷ்ய நாவல் மொழிபெயர்ப்பு பற்றி நூறு கட்டுரை வரும். தமிழ் பேசுகிற பிள்ளைகள் இன்று அதிகம் கேட்கிற மொழிபெயர்ப்பு டப்பிங் ஸ்டூடியோவில் நடக்கிறது. அதை எழுதுகிறவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. 'பொம்மைப் படம்' என்று நகர்ந்துவிடுகிறோம்.

புத்தகத்துக்கும் குரலுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. புத்தகம், யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்கும். குரல் அப்படி எதுவும் கேட்காது. காலனி வீட்டிலும் அதே நேரத்தில் அதே நருட்டோ அதே தமிழில் கத்துகிறான். என் தம்பி அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்ததே, கதை அவன் மொழியில் அவன் பாய்க்கே வந்ததால்தான். சப்டைட்டிலில் பார்த்த எனக்கு அது 'ஜப்பான் கதை'. அவனுக்கு அது ஒரு ஊர்க்கதை.

2

அதன் சொந்த ஊரில் இந்தக் கதை எப்படி உருவானது?

நருட்டோ 1999-லிருந்து 2014 வரை 'வீக்லி ஷோனென் ஜம்ப்' வார இதழில் வந்த தொடர்கதை. மசாஷி கிஷிமோட்டோ எழுதி வரைந்தது. 700 அத்தியாயம், 72 தொகுதி. ஜம்ப் 1968-ல் தொடங்கியது. 1990-களின் நடுவில் அதன் ஒரு இதழ் 65 லட்சம் பிரதியைத் தொட்டது. நட்பு, முயற்சி, வெற்றி என்ற மூன்று சொல்லைத்தான் அந்த இதழின் மந்திரம் என்பார்கள். இதழோடு ஒரு கருத்துக் கார்டு வரும். வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த தொடர்களைக் குறித்து அனுப்புவார்கள். பின்தங்கிய தொடருக்குச் சீக்கிரமே 'முற்றும்' போட்டுவிடுவார்கள். பதினைந்து வருடம் அந்தப் பரீட்சையில் தேறி வந்தது நருட்டோ.

அங்கே மாங்கா சிறுவர் சமாச்சாரம் மட்டும் கிடையாது. மச்சிக்கோ ஹசெகாவா என்ற பெண் வரைந்த 'ஸஸாயே-சான்' நாளிதழில் வந்த குடும்பக் கதை. அதன் அனிமே 1969-லிருந்து இன்றும் வாராவாரம் ஓடுகிறது. ஹிரோஷிமா குண்டில் தகப்பனையும் உடன்பிறந்தவர்களையும் இழந்த கெய்ஜி நகஸாவா, அந்த அனுபவத்தை 'பேர்ஃபூட் ஜென்' என்று வரைந்தார். 1973-ல் அது வரத் தொடங்கியதும் இதே ஷோனென் ஜம்ப்பில்தான். அதற்காக ஜப்பானில் எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். மட்சுஎ நகரத்துக் கல்வி நிர்வாகம் 2012-ல் அதே 'பேர்ஃபூட் ஜென்'னைப் பள்ளி நூலகங்களில் பிள்ளைகள் கையில் படாமல் உள்ளே வைக்கச் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பி 2013-ல் அது கைவிடப்பட்டது.

இப்போது கணக்கு மாறிவிட்டது. 2023-ல் அனிமே தொழிலின் மொத்தச் சந்தை சுமார் 3.3 லட்சம் கோடி யென் என்று ஜப்பானிய அனிமே சங்கம் சொன்னது. அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பணம். சொந்த ஊரில் கொண்டாடப்படுவது வேறு, வெளியூருக்கு அனுப்பப்படுவது வேறு. வெளியூருக்குப் பெரும்பாலும் சண்டைக் கதைகள் வருகின்றன. நமக்குத் தமிழில் கிடைப்பது அந்த வடிகட்டியில் இறங்கியதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

3

ஷோனென் கதையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இவ்வளவு லேசாகப் பிடித்துக்கொண்டதற்கு எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. இது கூத்து மண்.

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால், பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. பல நாள் தொடர்ந்து நடந்து, படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் விழுந்து, தீமிதியோடு முடியும். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமை சொல்லி, பிறகுதான் வெளியே வருவார். சண்டைக்கு முன் இரண்டு வீரர்களும் மணிக்கணக்காகத் தர்க்கம் பண்ணுவார்கள். நடுவில் கட்டியங்காரன் புகுந்து நமக்கு விளக்குவான், கேலி செய்வான். அடி விழுகிற நேரம் குறைவு. அடிக்கு முந்தைய பேச்சுதான் கூத்து.

இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வில்லன் நடுச்சண்டையில் நின்று தன் சின்ன வயசுக் கதையை மூன்று எபிசோடுக்குச் சொல்வதில் என்ன ஆச்சரியம்? டிராகன் பாலில் ஃப்ரீஸா, கிரகம் ஐந்து நிமிஷத்தில் வெடிக்கும் என்கிறான். அந்த ஐந்து நிமிஷம் வாரக்கணக்கில் ஓடும். வெளியூர் விமர்சகர்கள் சிரிக்கிறார்கள். எங்கள் ஆயா சிரிக்க மாட்டாள். விடிய விடியக் கர்ணன் சாவதைப் பார்த்தவள் அவள்.

'கர்ண மோட்சம்' கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பொன்னுருவி தன் புருஷனைத் தேரோட்டி வளர்த்தவன் என்று குலம் சொல்லி இகழ்கிறவள். போருக்குப் போகும் முன் கர்ணன் அவளிடம் விடைபெற வருவான். அந்த இடத்தில் களமே அழும். ஊரே கைவிட்ட ஒருவன் சொந்த வீட்டிலும் அவமானப்படுகிறான். நருட்டோவின் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் இந்தக் காட்சியை வைத்துப் பாருங்கள். குருகுலத்தில், வில் போட்டியில், கட்டிலில் என்று எங்கே போனாலும் 'நீ யார் பிள்ளை?' என்ற கேள்வி துரத்துகிற ஒருவன். எந்தக் கடைக்குப் போனாலும் முகம் திருப்பிக்கொள்ளப்படுகிற இன்னொருவன். நருட்டோ பிறந்த அன்று ஊரை அழிக்க வந்த ஒன்பது வால் நரி அவனுக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. அவன் செய்த தப்பு ஒன்றுமில்லை. பிறந்ததுதான். ஏன் ஒதுக்குகிறார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவும் இல்லை. சொல்லக்கூடாது என்று ஊர்த் தலைவரின் உத்தரவு. பெரியவர்கள் காரணத்தைச் சொல்வதில்லை, 'அவன்கூடச் சேராதே' என்பதை மட்டும் பிள்ளைகளுக்குக் கடத்துகிறார்கள். காரணம் மறைந்து பழக்கம் மட்டும் மிஞ்சுகிற இந்த முறையை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

'நம் கூத்து மரபு' என்று பெருமையோடு எழுதிக்கொண்டு வரும்போது எனக்கே கை நிற்கிறது. யாருடைய கூத்து? விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் உள்ளே போன தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைகள் தோற்று, ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். பிறகு நீதிமன்ற உத்தரவில்தான் திறந்தது. அவமானப்பட்ட திரௌபதிக்காக, இகழப்பட்ட கர்ணனுக்காக விடிய விடிய அழுகிற சனங்களின் கோயில்களில் ஒன்றுதான் அது. ஆயா கூத்துப் பார்த்த இடம் களத்தின் ஓரம். அங்கிருந்து கர்ணன் முகம் சரியாகத் தெரியாது, குரல்தான் கேட்கும் என்பாள்.

இத்தனை நூற்றாண்டு கர்ணனுக்காக அழுதும் அந்த அழுகை கோயில் வாசல்வரை வந்து சேராதது ஏன்? இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. நருட்டோவைப் பற்றிய கேள்வியும் இதுவேதான்.

4

விடை கதைக்குள்ளேயே இருக்கிறது. கர்ணன் தேரோட்டி மகன் இல்லை. குந்திக்கும் சூரியனுக்கும் பிறந்தவன், பாண்டவர்களுக்கு மூத்தவன். இது கர்ணனுக்குத் தாமதமாகத் தெரிகிறது. களத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்கு முதலிலிருந்தே தெரியும். அதனால் நம் கண்ணீருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 'ஐயோ, ஒரு ராஜாவைப் போய்த் தேரோட்டி என்கிறார்களே' என்று அழுகிறோம். தேரோட்டி மகனாகவே இருந்திருந்தால் அந்த இகழ்ச்சியில் என்ன தப்பு என்று கதை கேட்பதில்லை. அநியாயம் நடந்துவிட்டதே என்று நாம் அழவில்லை, ஆள் மாறிப்போச்சே என்று அழுகிறோம்.

நருட்டோவும் இதே காரியத்தைச் செய்கிறது, இன்னும் விரிவாக.

முதல் பகுதியில் சூனின் தேர்வு. நருட்டோவுக்கு எதிரில் ஹ்யூகா நெஜி. ஹ்யூகா குலத்தில் தலைக்குடும்பம், கிளைக்குடும்பம் என்று இரண்டு. நெஜியின் அப்பாவும் பெரியப்பாவும் இரட்டையர். சில நொடி முன்னால் பிறந்தவர் தலை, பின்னால் பிறந்தவர் கிளை. கிளையில் பிறந்தவர்களின் நெற்றியில் சின்ன வயதிலேயே ஒரு முத்திரை குத்தப்படும். தலைக்குடும்பத்தார் நினைத்தால் அந்த முத்திரை வழியே மூளையை வதைக்கலாம். தலைக்குடும்பத்தைக் காப்பாற்ற நெஜியின் அப்பா செத்தார். சண்டையின் நடுவில் நெஜி தன் நெற்றிப் பட்டையைக் கழற்றி முத்திரையைக் காட்டுகிறான். பிறப்பு முடிவு செய்ததை யாராலும் மாற்ற முடியாது என்கிறான்.

நாம் 'தலையெழுத்து' என்று உவமையாகச் சொல்வதை கிஷிமோட்டோ நேராகவே வரைந்துவிட்டார். உலகத்தில் எந்த மொழிக்காரனைவிடவும் தமிழ்க்காரனுக்கு இந்தக் காட்சி சட்டென்று புரியும். ஊர் மொத்தத்துக்கும் பொதுவான இலைச் சின்னம் போட்ட பட்டைக்குக் கீழே, பிறப்பின் முத்திரை. குடியுரிமைக்குக் கீழே குலம். ஒரு சிறுவர் வார இதழில் இதைவிடத் தெளிவாக ஒரு சமூகத்தைப் படமாக்க முடியாது.

நருட்டோ அவனை ஜெயிக்கிறான். விதி என்று புலம்பாதே, தோற்றாங்கொள்ளி என்று பெயர் வாங்கிய நானே ஜெயிக்கவில்லையா என்கிறான். தான் ஹொகாகே ஆனதும் ஹ்யூகா குலத்தையே மாற்றுவேன் என்றும் வாக்குக் கொடுக்கிறான். பதினைந்து வயதில் இதைப் பார்த்தபோது நான் உண்மையாகவே எழுந்து நின்றேன்.

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? நருட்டோ நான்காம் ஹொகாகேயின் மகன் என்று தெரியவருகிறது. அம்மா பேர்பெற்ற உஸுமாக்கி குலத்தவள். இன்னும் போனால், ஆறு பாதை முனிவரின் இரண்டு மகன்களில் இளையவரான அஷுராவின் மறுபிறவி. மூத்தவர் பெயர் இந்திரா. நம் புராணத்துப் பெயர்கள் பௌத்தத்தோடு ஜப்பான் போய், கார்ட்டூனாகத் திரும்பித் திண்டிவனத்துக்கு வந்திருக்கின்றன. பெயர் மட்டுமா வந்தது? பெரிய சக்தி பெரிய ரத்தத்தில்தான் இருக்கும் என்ற எண்ணமும் கூடவே வந்தது. நெஜிக்கு எதிராக நருட்டோ சொன்னதையெல்லாம், சொன்னவனின் பிறப்பே பொய்யாக்குகிறது.

நெஜி போரில் நருட்டோவையும் தலைக்குடும்பத்து ஹினட்டாவையும் காப்பாற்றிச் சாகிறான். அப்பாவைப் போலவே. செத்த பிறகுதான் நெற்றியிலிருந்து முத்திரை மறைகிறது. நருட்டோ ஹொகாகே ஆகிறான், ஹினட்டாவைக் கட்டிக்கொள்கிறான். ஹ்யூகா குலத்தின் முறை மாறியதா? 700 அத்தியாயத்தில் அந்த வாக்கு நிறைவேறுகிற காட்சியைக் கதை நமக்குக் காட்டவில்லை. ஊர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, கண்காணிக்கப்பட்டு, கடைசியில் ஒரே ராத்திரியில் கொல்லப்பட்ட உச்சிஹா குலத்தின் கதையும் அப்படித்தான். கொலைக்கு உத்தரவு யாரிடமிருந்து போனது என்பது ஊர் மக்களுக்குக் கடைசிவரை அறிவிக்கப்படுவதில்லை. கைகுலுக்கல், மன்னிப்பு, திருவிழா. ஊரின் நல்ல பெயர் காப்பாற்றப்படுகிறது.

தொடர்கதை நீண்டதால், வாசகர் கார்டின் அழுத்தத்தால், சண்டையின் அளவு ஏறிக்கொண்டே போனதால் இப்படி ஆனது என்று விளக்கலாம். எதிரி கடவுளாகிவிட்டால் நாயகனும் கடவுளின் பிள்ளையாக வேண்டியிருக்கும். விளக்கம் சரிதான். விளைவு மாறவில்லை.

5

வேறு மாதிரியும் எழுத முடியும் என்பதற்குத் தொலைவில் போக வேண்டாம். மாரி செல்வராஜின் 'கர்ணன்' 2021-ல் வந்தது. பஸ் நிற்காத ஊரின் கர்ணன். அவனுக்குக் குந்தியும் இல்லை, கவச குண்டலமும் இல்லை. பெயரை எடுத்துக்கொண்டு ராஜ ரத்தத்தைக் கழித்துவிட்டார் இயக்குநர். அவனுக்கு நடப்பது அநியாயம் என்று சொல்ல அவன் யாருடைய ரகசியப் பிள்ளையாகவும் இருக்கத் தேவையில்லை.

ஜப்பானிலும் இதை ஒருவர் செய்திருக்கிறார், அதுவும் நின்ஜா கதையிலேயே. நருட்டோ வருவதற்கு 35 வருடம் முன்பு. சன்பெய் ஷிராட்டோவின் 'கமுய்-தென்'. 1964-லிருந்து 1971 வரை 'கரோ' இதழில் வந்தது. இந்தத் தொடரை வெளியிடவே கத்சுஇச்சி நகாய் கரோவைத் தொடங்கினார் என்பார்கள். எடோ காலத்து ஜப்பானில் சாமுராய், விவசாயி, கைவினைஞர், வணிகர் என்ற அடுக்குக்கும் வெளியே வைக்கப்பட்டவர்கள் உண்டு. தோல் வேலை, பிணம் அகற்றுவது, தண்டனை நிறைவேற்றுவது போன்ற வேலைகள் அவர்கள் தலையில் கட்டப்பட்டன. அவர்களில் ஒரு பிரிவினரை 'ஹினின்' என்றார்கள். மனிதர் அல்லாதார் என்று பொருள். கமுய் ஹினின் சேரியில் பிறந்தவன். அந்தப் பிறப்பிலிருந்து தப்பிக்க நின்ஜா ஆகிறான். நின்ஜாக் கூட்டமும் இன்னொரு அடிமைத்தனம் என்று தெரிந்ததும் அங்கிருந்தும் ஓடுகிறான். ஓடுகிறவனைக் கொல்லக் கூட்டம் துரத்துகிறது. அவனோடு சேர்ந்து ஒரு ஏழை விவசாயியின் கதையும் ஒரு சாமுராயின் கதையும் நடக்கின்றன. யாருக்கும் மறைந்திருக்கும் ராஜ ரத்தம் கிடையாது. விளைச்சல், வரி, பஞ்சம், கிளர்ச்சி, அடக்குமுறை. 1960-களின் மாணவர் போராட்டக்காரர்கள் இதைப் பாடப்புத்தகம் போலப் படித்தார்கள். ஷிராட்டோவின் அப்பா தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த ஓவியர். ஷிராட்டோ 2021-ல் காலமானார்.

கிஷிமோட்டோ இதைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. நின்ஜா காமிக்ஸ் என்ற வீட்டின் பழைய அறை ஒன்றில் தீண்டாமையின் கதை ஏற்கனவே இருக்கிறது என்று சொல்கிறேன். 'ஊருக்குள்ளயா, காலனியிலயா' என்று என் தம்பி கேட்டது கதையைத் தப்பாகப் படித்ததால் வந்த கேள்வி இல்லை. கதை மறந்துபோன ஒன்றை அவன் ஞாபகப்படுத்தினான்.

இங்கேதான் அந்த வடிகட்டி விஷயம் வருகிறது. நருட்டோ எங்கள் பாய்வரை வந்துவிட்டான். கமுய் வரவில்லை. டப் செய்ய அதற்குப் பெரிய அனிமே வரிசை இல்லை, விற்க டிசர்ட் இல்லை. அது புத்தகமாகத்தான் வர முடியும். நம் புத்தக உலகத்துக்கோ மாங்கா என்றால் குழந்தைச் சமாச்சாரம். யுகிச்சி யமமட்சு என்ற மாங்கா ஓவியர் 2004-ல் டெல்லிக்கு வந்து, ஒரு சாமுராய் மாங்காவை இந்தியில் போட்டுத் தெருவில் விற்றுப் பணக்காரர் ஆகலாம் என்று கிளம்பி, அடி மேல் அடி வாங்கினார். அந்தக் கூத்தை அவரே மாங்காவாக வரைந்தார். அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட். மொழிபெயர்த்தவர் பெயர் குமார் சிவசுப்பிரமணியன். சென்னைப் பதிப்பகம், தமிழ்ப் பெயர், ஆங்கிலப் புத்தகம். தமிழுக்கு அது இரண்டு தெரு தள்ளி நின்றுவிட்டது. திண்டிவனத்துப் பையன் கையில் தமிழில் அச்சான ஒரு மாங்காவை நான் இதுவரை பார்த்ததில்லை.

டெக்ஸ் வில்லருக்கு முப்பது வருடத்துக்கும் மேலாகத் தமிழ் கொடுத்த ஊர் இது. 'கமுய்-தென்'னுக்குக் கொடுக்க முடியாதா? கொடுத்தால் யார் படிப்பார்கள் என்று கேட்பார்கள். 720 எபிசோட் தமிழில் கேட்டவன் படிப்பான். முதலில் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். படிக்கட்டுமே.

6

நான் எழுதியதற்கு எதிராக ஒன்றை நானே சொல்ல வேண்டும். தொடர்கதையை அதன் முடிவை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லலாமா? வாராவாரம் பார்க்கிறவன் முடிவில் வாழ்வதில்லை, நடுவில் வாழ்கிறான். ஆயாவுக்குக் கர்ணன் மோட்சம் போனது ஞாபகமில்லை, பொன்னுருவி முன்னால் நின்றதுதான் ஞாபகம். அந்த ஊஞ்சலையும், இருகா தன் பட்டையைக் கழற்றி நருட்டோவின் நெற்றியில் கட்டுகிற இடத்தையும் எந்த ரத்த ரகசியமும் அழித்துவிட முடியாது. இருகாவின் அப்பா அம்மாவைக் கொன்றது அதே நரி. இருந்தும் அவர் கட்டுகிறார். உலகத்தில் இத்தனை ஊர்ப் பிள்ளைகள் நருட்டோவைத் தன் கதையாக எடுத்துக்கொண்டது அந்தக் காட்சிகளுக்காகத்தான், கடைசிப் போருக்காக இல்லை. இதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் முடிவும் சும்மா இருப்பதில்லை, அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. தீபாவளிக்குத் திரும்ப ஊருக்குப் போனபோது தம்பி ஷிப்பூடனில் பாதியைத் தாண்டியிருந்தான். நருட்டோவின் அப்பா யாரென்று தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். அதிர்ச்சி அடைந்திருப்பான் என்று நினைத்தேன்.

"அது அப்பவே தெரியும்ணா, பெரிய எடத்துப் புள்ளதான்னு. இல்லன்னா எப்படி ஹொகாகே ஆவ முடியும்?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். வருத்தமோ கோபமோ இல்லை. அவனுக்குத் தெரிந்த உலகத்தைக் கதையும் சரி என்று சொல்லிவிட்டது, அவ்வளவுதான். கதை நூறு எபிசோடில் கொடுத்ததை ஒரு எபிசோடில் திரும்ப வாங்கிக்கொண்டதை அவன் கவனிக்கக்கூட இல்லை. இதைவிடக் கடுமையான விமர்சனத்தை என்னால் எழுத முடியாது.

"அப்போ உனக்கு அதுல யாரைப் பிடிக்கும்?" என்றேன்.

யோசிக்காமல் ராக் லீ என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. நின்ஜுட்சுவும் வராது, கென்ஜுட்சுவும் வராது, கையும் காலும் மட்டும்தான் அவனுக்கு. காலில் கட்டிய எடையைக் கழற்றிப் போட்டுவிட்டு காராவோடு மோதுகிற அந்த ஒரு சண்டையோடு கதை அவனைக் கிட்டத்தட்ட மறந்துவிடும். அதிலும் தோற்றுத்தான் போவான், கையும் காலும் நசுங்கி.

"அவன் தோத்துடுவானேடா."

"தோக்கட்டும்ணா. அவனுக்கு அப்பா யாருன்னே கதையில இல்ல, பாத்தியா?"

திரும்ப யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். 720 எபிசோடில் ஒரு இடத்தில்கூட இல்லை.